ஒன்பது வயதும் இரண்டு நோட்டுகளும்

புடாபெஸ்டில், புடா குன்றுகளின் பக்கம், சலான் தெருவில் ஒரு வீடு. ஆண்டு 1933. பியானோ முன்னால் ஒன்பது வயதுப் பையன் காத்துக்கொண்டிருக்கிறான். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே அப்பா எழுந்துபோய் மேசையில் உட்கார்ந்துவிட்டார். பேனா தாளில் கீறும் சத்தம் மட்டும் கேட்கிறது. சில நிமிடம் கழித்து ஒரு தாளோடு திரும்பி வருகிறார். அதில் ஒரு சின்னப் பயிற்சி, அல்லது நாலைந்து வரியில் ஓர் இசைத்துண்டு. பையன் அதை அங்கேயே, அப்போதே, பார்த்து வாசிக்க வேண்டும். அடுத்த பாடத்துக்குள் சாதகம் செய்து கொண்டுவர வேண்டும். அப்பா பேலா பார்டோக். பையன் பீட்டர். இந்தக் காட்சியைப் பின்னாளில் எழுதிவைத்தவர் அந்தப் பையனேதான்.

அதற்கு 213 ஆண்டுகளுக்கு முன்னால், ஜெர்மனியின் கோத்தென் என்ற சிறிய அரண்மனை ஊரில், இன்னோர் அப்பா ஒரு வெற்று நோட்டைத் திறந்து முதல் பக்கத்தில் மகன் பெயரையும் தேதியையும் எழுதினார்: 1720 ஜனவரி 22. மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்கு ஒன்பது வயது நிறைந்து சரியாக இரண்டு மாதம். அப்பா யோஹான் செபாஸ்டியன் பாக், அப்போது இளவரசர் லியோபோல்டின் இசைக்குழுத் தலைவர்.

பியானோ கற்கும் பிள்ளைகளுக்கென்று அச்சான பாடப்புத்தகங்களுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் பெரும்பாலானவை எழுதியவர் கண்ணால் பார்த்திராத குழந்தைக்காக எழுதப்பட்டவை. இந்த இரண்டும் வேறு வகை. பாக்கின் நோட்டு, பார்டோக்கின் தாள்களும் சேர்ந்து வளர்ந்த 'மிக்ரோகோஸ்மோஸ்' என்ற தொகுப்பு இரண்டுக்குப் பின்னாலும் ஒரு குறிப்பிட்ட பையன் இருக்கிறான், அவன் விரல்கள் இருக்கின்றன, அவன் சாதகம் அப்பாவின் காதில் விழும் ஒரு வீடு இருக்கிறது. அந்த இரண்டு வீடுகளும் பிள்ளையிடம் கேட்டது ஒன்றே அல்ல. ஒப்பிட்டுப் பார்க்கத் தூண்டுவது அதுதான்.

பாக்கின் நோட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். இது பியானோவுக்கு எழுதியதல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். பியானோ இத்தாலியில் அப்போதுதான் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தது. கோத்தென் வீட்டில் பையன் சாதகம் செய்தது கிளாவிகார்டிலோ ஹார்ப்சிகார்டிலோதான் இருந்திருக்கும். கிளாவிகார்டின் ஒலி மிக மெல்லியது. அடுத்த அறைக்குப் போனாலே தேய்ந்துவிடும். பிள்ளைகள் நிறைந்த வீட்டில் சாதகம் செய்ய அதைவிடச் சௌகரியமான வாத்தியம் கிடையாது.

முதல் பக்கங்களில் சுரங்கள் எந்தக் கோட்டில் உட்காரும் என்ற விளக்கம். அடுத்து ஒரு சிறிய அட்டவணை: சுரத்தின் மேல் போடும் குறிகளுக்கு ஒவ்வொன்றாக, இந்தக் குறி வந்தால் இப்படி உதற வேண்டும், இந்தக் குறி வந்தால் மேலிருந்து இப்படி வழுக்கி வர வேண்டும் என்று பிரித்து எழுதிக் காட்டியிருக்கிறார். நம் ஊரில் கமகத்தை இப்படிப் பட்டியல் போட்டு ஒன்பது வயதுப் பிள்ளையிடம் முதல் வாரமே நீட்டினால் பாட்டு வாத்தியாரை விநோதமாகத்தான் பார்ப்பார்கள். பாக் வீட்டில் அலங்காரம் பிறகு பூசிக்கொள்ளும் பூச்சு இல்லை, எழுத்துக் கற்கும்போதே கற்க வேண்டிய எழுத்து.

மூன்றாவதாக வருவதுதான் முதல் இசைத்துண்டு. எட்டே அளவுகள். பெயர் 'அப்ளிகாட்சியோ'. எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று ஒவ்வொன்றின் மேலும் எண் போட்டிருக்கிறது. வலது கை மேலே ஏறும்போது நடுவிரல், மோதிர விரல், நடுவிரல், மோதிர விரல் என்று மாறி மாறிப் போகிறது, குட்டை விரலின் மேல் நெட்டை விரல் தாண்டி ஏறுவதுபோல. இன்று பியானோ வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி வாசித்தால் டீச்சர் உடனே கையைப் பிடித்து நிறுத்திவிடுவார். இப்போதெல்லாம் கட்டைவிரலை அடியில் நுழைத்துத்தான் ஏற வேண்டும். அந்தப் புதிய வழியைப் புத்தகமாக எழுதிப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பாக்கின் இரண்டாவது மகன் கார்ல் ஃபிலிப் எமானுவேல். அது 1753. நீட்டிப் பிடிக்க வேண்டிய இடத்துக்கு மட்டுமே கட்டைவிரலைத் தொட்ட பெரிய வாசிப்பாளர்களைத் தம் இளமையில் கேட்டிருப்பதாக அப்பா சொன்னார் என்று அதில் குறித்துவைத்திருக்கிறார். ஆக, ஃப்ரீடெமானின் முதல் பக்கத்தில் இருப்பது கைமாறிக்கொண்டிருந்த ஒரு காலத்தின் விரல். அப்பா தனக்குத் தெரிந்த பழையதையும் விடாமல் கொடுத்திருக்கிறார்.

இதற்குப் பிறகு நோட்டு செங்குத்தாக ஏறுகிறது. சிறு பிரிலூடுகள், கோரல் என்ற தேவாலயப் பாட்டுகளின் வாசிப்பு வடிவங்கள் (அவற்றில் ஒன்று பாதியிலேயே நின்றுவிடுகிறது, ஏனென்று யாருக்கும் தெரியாது), நடன மெட்டுகள், டெலமான் போன்ற பிறர் எழுதியவை. நடுவே பின்னாளில் பாக்கின் புகழ்பெற்ற தொகுப்பான 'வெல்-டெம்பர்டு கிளாவிய'ரின் முதல் தொகுதிக்குள் (1722) போய்ச் சேர்ந்த பதினொரு பிரிலூடுகளின் ஆரம்ப வடிவங்கள். கடைசிப் பகுதியில் இரண்டு குரல் துண்டுகள் பதினைந்து, அவற்றைத் தொடர்ந்து மூன்று குரல் துண்டுகள். உலகமெங்கும் இன்று பிள்ளைகள் 'இன்வென்ஷன்', 'சின்ஃபோனியா' என்று வாசிப்பவை இவையே. ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது: மகன் நோட்டில் இந்த இரண்டு குரல் துண்டுகள் சி சுருதியில் தொடங்கி, எளிய சுருதிகள் வழியாகப் படிப்படியாக மேலே ஏறி, கடினமானவை வழியாகக் கீழே இறங்கி வருகின்றன. ஆரோகணம், அவரோகணம் என்று நமக்குச் சொல்லத் தோன்றும். 1723இல் பிரதி எடுத்து ஒழுங்குபடுத்தியபோது பாக் இந்த வரிசையைக் கலைத்துவிட்டு, எல்லாவற்றையும் கீழிருந்து மேலாக நேராக அடுக்கினார். அலமாரிக்கு அதுதான் சரி. பிள்ளைக்குச் சரியானது எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பார்டோக்கின் வீட்டில் முதல் பாடத்தில் விரலே இல்லை. பீட்டர் எழுதியிருப்பதன்படி ஆரம்பத்தில் அவர் பாட மட்டும்தான் செய்ய வேண்டியிருந்தது. அப்போது புழக்கத்தில் இருந்த எந்தப் பியானோப் பாடமுறையையும் அப்பா பின்பற்றவில்லை. பிறகுதான் விரல்கள் ஒன்றையொன்று சாராமல் இயங்குவதற்கான பயிற்சிகள், அதுவும் அந்தந்த நேரத்தில் தோன்றியபடி. 'மிக்ரோகோஸ்மோஸ்' முன்னுரையிலும் பார்டோக் இதை வலியுறுத்துகிறார்: எந்த வாத்தியத்தைத் தொடுவதற்கு முன்னாலும் பாட்டு வர வேண்டும். வாய்ப்பாட்டு கற்காமல் வீணையில் கைவைக்க விடாத வீடுகளில் வளர்ந்த தமிழர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பியானோ வகுப்பு விரல் உடற்பயிற்சிக் கூடமாகவே ஆகிவிட்டிருந்தது என்பதை நினைத்தால்தான் இதன் கனம் புரியும்.

முழுத் தொகுப்பு 1926 தொடங்கி 1939 வரை எழுதப்பட்டு, 1940இல் ஆறு தொகுதிகளாக வந்தது. மொத்தம் 153 துண்டுகள். முதல் இரண்டு தொகுதிகள் பீட்டருக்குச் சமர்ப்பணம். தலைப்புக்கு இரண்டு பொருள் உண்டு என்று பார்டோக்கே சொன்னார்: பல பாணிகளைக் கொண்ட சிறிய உலகம் என்பது ஒன்று, சின்னவர்களின் உலகம் என்பது மற்றொன்று. படிகள் அவ்வளவு சிறியவை. முதல் ஆறு துண்டுகளில் இரண்டு கைகளும் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் வாசிக்கின்றன. கை நகர வேண்டியதில்லை, ஐந்து விரல்களுக்கு ஐந்து சுரம், அவ்வளவுதான். பிறகு ஒரு கை போவதற்கு எதிர்த்திசையில் மற்ற கை, கண்ணாடியில் பார்ப்பதுபோல. பிறகு ஒரு கை தொடங்க, மற்றது சற்றுத் தாமதித்துப் பின்தொடர்கிறது. முதல் தொகுதியின் முப்பத்தாறு துண்டுகளுக்குள் பிள்ளை எங்கே வழுக்கி விழுந்தாலும் முழங்கால் சிராய்க்காது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சரியான இடம் இந்தப் 'பின்தொடர்தல்'தான். பாக்கின் முதல் இன்வென்ஷனில் வலது கை எட்டு சுரத்தில் ஒரு சிறு வாசகத்தைச் சொல்கிறது. அரை அளவு கழிந்ததுமே இடது கை அதையே கீழ்ஸ்தாயியில் சொல்ல ஆரம்பித்துவிடுகிறது, வலது கையோ அதற்குள் அடுத்த காரியத்துக்குப் போய்விட்டது. பிள்ளையின் மூளையில் இரண்டு ஆட்கள் ஒரே நேரத்தில் பேச வேண்டும். பார்டோக்கும் பிள்ளையை இதே இடத்துக்குத்தான் கொண்டுவருகிறார், ஆனால் இரண்டு கைகளும் ஒருவராக நடந்த பாதையில் ஆரம்பித்து, ஒருவரை மெல்ல இருவராகப் பிரித்து. பாக் முதலிலேயே இருவர் என்று சொல்லிவிடுகிறார். இடது கை வலது கைக்கு 'தாளம் போடும்' வேலைக்காரன் என்ற எண்ணமே அந்த வீட்டில் பிள்ளைக்கு ஏற்பட வாய்ப்பில்லை. இன்றைய கீபோர்டு வகுப்புகளில் இடது கை மூன்று சுரம் சேர்த்து அழுத்திக்கொண்டு சும்மா கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், பாக்கின் பிடிவாதத்தின் பக்கம் என் மனம் சாய்கிறது.

ஆனால் சாய்ந்த மாதிரியே நிற்க முடியவில்லை. ஏனென்றால் பாக்கின் செங்குத்துப் படிகள் ஏறக்கூடியவையாக இருந்ததற்குக் காரணம் நோட்டில் இல்லை, வீட்டில் இருந்தது. பாக்கின் வாழ்க்கை வரலாற்றை 1802இல் எழுதிய ஃபோர்க்கல், மூத்த மகன்கள் இருவரையும் அறிந்தவர். அவர் சொல்வது: பாக் புதிய துண்டை மாணவருக்குக் கொடுக்குமுன் முதலில் தானே முழுக்க வாசித்துக் காட்டுவார், இது இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று காதில் ஏற்றிவிடுவார். கெர்பர் என்ற மாணவர் பெருமையோடு நினைவுகூர்ந்ததும் இதே போன்றது. இன்று பாடம் சொல்லும் மனநிலை இல்லை என்று ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு, 'வெல்-டெம்பர்டு கிளாவியர்' தொகுதியை முதலிலிருந்து கடைசிவரை பாக் வாசித்துக் காட்டினாராம், ஒருமுறை அல்ல, மூன்று முறை. காதுக்கு ஏற்கெனவே தெரிந்த பாதையில் விரல் நடப்பது வேறு. பீட்டருக்குக் கிடைத்தது எழுதிய தாள், அதைக் கண்ணால் அப்போதே படித்துப் பிரிக்க வேண்டும். முதலில் பாட்டு என்று தொடங்கிய அப்பா இங்கே கண்ணை நம்புகிறார். முதலில் எழுத்தையும் குறியையும் கொடுத்த அப்பாவோ இங்கே காதை நம்புகிறார். இரண்டு முறைகளையும் 'காது வழி', 'கண் வழி' என்று கோடு கிழித்துப் பிரிக்க நினைப்பவர்களை இருவருமே ஏமாற்றிவிடுகிறார்கள்.

ஃபோர்க்கல் இன்னொன்றும் சொல்கிறார். ஆறு மாதமோ ஒரு வருஷமோ பாக் மாணவரிடம் வெறும் விரல் பயிற்சிகளை மட்டுமே செய்யச் சொல்வாராம். மாணவர் சலித்துப்போவதைப் பார்த்தால், அந்தப் பயிற்சிகளையே கோத்துச் சிறு துண்டுகளாக, பாடம் நடக்கும்போதே எழுதித் தருவாராம். முதல் பகுதியை நான் முழுசாக நம்பவில்லை, மகனுடைய நோட்டில் அத்தனை நீண்ட வறட்சிக்கு அடையாளம் இல்லை. இரண்டாம் பகுதி கோத்தெனிலும் அதே பேனாச் சத்தத்தைக் கேட்க வைக்கிறது.

உண்மையான வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. ஃப்ரீடெமானின் நோட்டில் எழுதியிருப்பது அப்பா மட்டுமல்ல. பல பக்கங்கள் பையனுடைய கையெழுத்து. சில துண்டுகளை அவனே பார்த்துப் பிரதி எடுத்திருக்கிறான், சிலவற்றை அவனே இயற்ற முயன்றிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1723 பிரதியின் தலைப்புப் பக்கத்தில், இந்த இன்வென்ஷன்கள் எதற்கு என்று பாக் எழுதிய விளக்கத்திலும் இது வருகிறது: சுத்தமாக வாசிக்க, பாடுவதுபோல் வாசிக்க, அதோடு நல்ல இசைக் கற்பனைகளைப் பெறவும் வளர்க்கவும், இயற்றும் கலையின் ருசியை முன்கூட்டியே அறியவும். வாசிப்பவன் ஒருநாள் எழுதுவான் என்பது அந்த வீட்டில் கேள்விக்கு இடமில்லாத செய்தி. 1735இல் பாக் தம் குலத்து இசைக்காரர்களைப் பட்டியலிட்டபோது ஐம்பத்து மூன்று பேர் தேறினார்கள். தஞ்சைப் பக்கத்து நாகஸ்வரக் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே சாதகம் என்பது தொழிலில் இறங்குவது. நோட்டைப் பிரதி எடுப்பது உளி தீட்டுவது மாதிரி.

பாக் சிறுவயதில் பெற்றோரை இழந்து அண்ணன் வீட்டில் வளர்ந்தவர். அண்ணன் வைத்திருந்த இசைப்பிரதி ஒன்றைக் கேட்டும் தரவில்லை. அலமாரிக் கம்பிக்கிடையே சின்னக் கையை விட்டு உருவி, ஆறு மாதம் நிலா வெளிச்சத்தில் பிரதி எடுத்தான் பையன். தெரியவந்ததும் அண்ணன் அந்தப் பிரதியையும் பறித்துக்கொண்டார். 1754இல் வந்த இரங்கல் குறிப்பில் உள்ள கதை இது. அதைப் படித்தபின் மகனுக்கு வெற்று நோட்டை எடுத்துக் கொடுத்த அந்த ஜனவரி நாளை வெறும் பாடத்திட்டமாக எப்படிப் பார்ப்பது?

பீட்டர் பார்டோக்கின் தாள்களில் எழுதியவர் அப்பா மட்டும். பையன் படிப்பவன், வாசிப்பவன், கேட்பவன். அவன் இசையமைப்பாளன் ஆக வேண்டும் என்ற கட்டாயம் அந்த வீட்டுக் காற்றில் இல்லை. புடாபெஸ்ட் இசைக் கழகத்தில் 1907 முதல் 1934 வரை பியானோ கற்பித்த பார்டோக், இசையமைப்பைக் கற்பிக்க மட்டும் எப்போதும் மறுத்தவர். தனக்குப் பியானோ வந்த வழியும் குலத்தொழில் வழியல்ல. நாலு வயதில் நாற்பது பாட்டுகளை ஒற்றை விரலால் வாசிப்பான் என்று அம்மா பவுலா பின்னாளில் எழுதியிருக்கிறார். ஐந்து வயதில் முறையாகக் கற்றுக்கொடுத்ததும் பள்ளி ஆசிரியையான அந்த அம்மாதான். இரண்டு வருஷத்தில் அப்பா காலமானார். தாய் மடியில் இசை கிடைத்தவர், தன் பிள்ளைக்கும் இசையைத் தாய்மொழி மாதிரிக் கொடுக்க நினைத்தார் என்று நான் புரிந்துகொள்கிறேன். தாய்மொழி பேசுகிற எல்லோரும் கவிஞராக வேண்டியதில்லையே.

எங்கள் வீட்டிலும் ஒன்பது வயதில் ஒருத்தி இருக்கிறாள். மாலை ஆறரைக்குக் கீபோர்டு மூடியைத் திறப்பாள். கிரேடு தேர்வுக்கு மூன்றே துண்டுகள். அந்த மூன்றை ஒன்பது மாதமாகத் தேய்க்கிறாள். மேல் மாடிக்காரர், "அந்த ரெண்டாவது பாட்டை எனக்கே வாசிக்க வந்துடும்மா" என்று லிஃப்டில் சொன்னார். பார்டோக்கைப் படித்த தோஷம், ஒருநாள் நான் அவள் வாசிப்பதை நிறுத்திப் பாடச் சொன்னேன். "அப்பா, சிலபஸ்ல அது இல்ல" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் தாளை எழுதியவருக்கு அவளைத் தெரியாது.

'மிக்ரோகோஸ்மோஸ்' போகப் போக எங்கே போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து விரலில் தொடங்கியது, சிலந்தி வலையில் மாட்டிக்கொண்ட ஈயின் நாட்குறிப்பு வழியாக, கச்சேரி மேடைக்குரிய ஆறு பல்கேரிய நடனங்களில் முடிகிறது. அவற்றில் 149ஆம் துண்டு இரண்டு, இரண்டு, மூன்று என்று ஏழாக எண்ணும் தாளத்தில் ஓடும். ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு இது தலைசுற்றல். மிஸ்ர சாபு போட்டுப் பழகிய கைக்கு, கணக்கின் தொடக்கம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முதல் துண்டுக்கும் கடைசித் துண்டுக்கும் இடையிலான தூரத்தைப் பார்த்தால் பார்டோக்கின் மெல்லிய படிகள் எவ்வளவு உயரம் ஏறுகின்றன என்று விளங்கும். படி சிறியது என்பதால் மலையும் சிறியது என்று நினைத்த எனக்கு இது பாடம்.

பாக்கின் இசை பார்டோக்குக்கு வெளியே இருந்த பொருளும் அல்ல. 1907 வாக்கில், இளம் பேராசிரியராக, 'வெல்-டெம்பர்டு கிளாவியர்' முழுவதையும் பாடத்துக்கெனப் பதிப்பித்தார். பாக் சுருதி வரிசையில் அடுக்கியிருந்ததைக் கலைத்து, எளிதிலிருந்து கடினத்துக்கு மாற்றி அடுக்கினார். அதாவது அலமாரி வரிசையை மறுபடி பிள்ளையின் வரிசையாக்கினார். தம் தொகுப்பின் நான்காம் தொகுதியோடு சேர்த்து, பாக் தம் இரண்டாம் மனைவிக்காக வைத்திருந்த 'அன்னா மக்தலேனா நோட்'டையும் வாசிக்கச் சொல்கிறார். (அந்த நோட்டிலிருந்து உலகத்துப் பிள்ளைகள் எல்லோரும் 'பாக் மினுவெட்' என்று வாசிக்கும் ஜி மேஜர் துண்டு, பாக் எழுதியதே அல்ல, கிறிஸ்டியன் பெட்ஸோல்ட் எழுதியது. பல பாடப்புத்தகங்கள் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை.) 79ஆம் துண்டுக்கு அவர் வைத்த தலைப்பே ஜே.எஸ்.பி.க்கு வணக்கம்.

பிள்ளைகள் என்ன ஆனார்கள்? அப்பாவின் எதிர்பார்ப்பு அத்தனையும் சுமந்த ஃப்ரீடெமான், அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த ஆர்கன் கலைஞர்களில் ஒருவரானார். 1733இல் டிரெஸ்டன் தேவாலய வேலைக்கு அவர் பெயரில் போன விண்ணப்பக் கடிதத்தைக்கூட எழுதியது அப்பாவின் கைதான். அப்போது மகனுக்கு இருபத்திரண்டு வயது. பேனா இன்னும் அப்பாவிடமே இருந்தது. பிறகு ஹல்லேயில் பதினெட்டு ஆண்டு. 1764இல் வேறு வேலை கையில் இல்லாமலே அதை விட்டார். கடைசியில் அப்பாவின் கையெழுத்துப் பிரதிகளை விற்று, 1784இல் பெர்லினில் வறுமையில் இறந்தார். இதற்கெல்லாம் ஒன்பது வயது நோட்டைப் பொறுப்பாக்குவது அபத்தம். நோட்டு தப்பிப் பிழைத்து இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

பீட்டர் பியானோக் கலைஞர் ஆகவில்லை. போருக்கு நடுவே 1942இல் அமெரிக்கா போய்ப் பெற்றோரோடு சேர்ந்தார், அந்நாட்டுக் கடற்படையில் பணியாற்றினார், ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆனார். அப்பாவின் இசையைப் பதிவு செய்து வெளியிட ஒரு நிறுவனமும் தொடங்கினார். 1987இல் 'மிக்ரோகோஸ்மோஸ்' திருத்திய பதிப்பு வந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அதன் முன்னுரையில்தான் அந்தப் பேனாச் சத்தத்தை எழுதினார். கூடவே ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: தன்னால் கற்க முடிந்ததைவிட வேகமாக அப்பா எழுதிக்கொண்டே போனார். சிறுவயதில் எட்டிப் பிடிக்க முடியாமல் விட்ட அந்தப் பக்கங்களை, கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டு, அச்சுப் பிழை நீக்கி வெளிக்கொண்டுவந்தவரும் அவர்தான்.